மண்ணை அள்ளுறதுக்கு முன்னாடி கிணத்துக்கு ஒரு நம்பர் போடுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

மாசுபட்ட இடங்களை எப்படி கண்டுபிடிக்கணும், எப்படி சுத்தம் பண்ணணும்னு மத்திய அரசு 2025 ஜூலை மாசம் தனியா ஒரு விதி கொண்டுவந்துச்சு. அதைப் பத்தி உங்க பேப்பர்ல படிச்சதுல இருந்து இந்த லெட்டர் எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன், இப்பதான் உக்காந்தேன். நான் மானூர் பக்கம் ஒரு கரிசக்காட்டு ஊரு. திருநெல்வேலியில ஒரு தனியார் டெஸ்டிங் லேப்ல பன்னெண்டு வருஷம் வேலை பாத்தேன். முதல் மூணு வருஷம் பாட்டிலும் ஐஸ் பெட்டியும் தூக்கிட்டு கிணறு கிணறா போயி தண்ணி சாம்பிள், மண்ணு சாம்பிள் எடுக்குற வேலை, அப்புறம் ஒம்பது வருஷம் ரிசல்ட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை. அதனால நான் சொல்லப்போறது எல்லாம் கையில பட்ட விஷயம்தான்.

எங்க ஊருக்கு வடக்க, குளத்துக்கு போற ஓடைக்கரையில முன்னாடி ஒரு பட்டறை இருந்துச்சு. பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குவாங்க. ராத்திரிதான் வேலை நடக்கும், விடியக்காலையில வாசத் தெளிக்க வந்தா தொண்டை கரகரன்னு இருக்கும். அதை மூடி வருஷக்கணக்கு ஆச்சு, தகரக் கொட்டகையும் பேத்துட்டு போயிட்டாங்க, ஆனா உடைச்ச பேட்டரி பெட்டியோட கருப்பு பிளாஸ்டிக் சில்லு இன்னைக்கும் அந்த மண்ணுல காலுக்கு தட்டுப்படும், மழை பேஞ்சா ஓடையில உருண்டு வரும். ஆடு மேயுறதும் அங்கதான் பிள்ளைங்க பந்து விளையாடுறதும் அங்கதான்.

சுத்தம் பண்ணுங்கன்னு ஊர்ல மனு குடுக்காத வருஷம் இல்ல. சில தடவை யாராவது வருவாங்க, தண்ணி எடுப்பாங்க, ஒரு ரிப்போர்ட் வரும். அப்படி எட்டு வருஷத்துல மூணு ரிப்போர்ட் வந்து சேந்துச்சு. ஒருநாள் எங்க பெரியப்பா மூணையும் மஞ்சப்பையில சுத்திக் கொண்டாந்து திண்ணையில பரப்பி வச்சாரு. "ஏட்டி, நீதான அந்த வேலை பாத்த, மூணு காயிதம் இருக்குல்லா, இதுல எதைத்தான் நம்பச் சொல்லுத?"ன்னு கேட்டாரு. நான் ஒரு சாயங்காலம் முழுக்க அதை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதைத்தான் உங்க வாசகர்களுக்கு விளக்கமா சொல்லணும்னு ஆசைப்படுறேன்.

முதல் ரிப்போர்ட்ல ஈயம்ங்கிற எடத்துக்கு நேரா "பிடிஎல்"னு மட்டும் போட்டிருந்துச்சு. மெஷின் கண்டுபிடிக்கிற அளவுக்கு கீழன்னு அர்த்தம். ஊர்ல எல்லாரும் அதை "ஒண்ணும் இல்லை"ன்னு எடுத்துக்கிட்டாங்க, யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அப்படித்தான் படிக்கத் தோணும். ஆனா கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல அந்த மெஷினோட வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்னு இருக்கு. குடிதண்ணியில ஈயம் எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு நம்ம இந்திய தர நிர்ணயம் சொல்றது 0.01. அதாவது அனுமதிச்ச அளவுக்கு நாலு மடங்கு இருந்தாக்கூட அந்த மெஷினுக்கு தெரியாது, அது பிடிஎல்னுதான் சொல்லும். கிலோ கணக்குல நிறுக்குற தராசுல ஒரு குண்டுமணி தங்கத்தை வச்சு முள்ளு அசையலைன்னு சொல்ற மாதிரி.

ரெண்டாவது ரிப்போர்ட்ல "ஓடபிள்யூ-3"ன்னு ஒரு கிணறு, 0.03 மில்லிகிராம்னு போட்டிருக்கு. எந்தக் கிணறு அது? முதல் ரிப்போர்ட்ல "புளியமரத்துக் கிணறு"ன்னு பேரு இருந்துச்சு, இதுல வெறும் நம்பர். ரெண்டும் ஒண்ணுதானான்னு யாருக்கும் தெரியல. சாம்பிள் எடுக்கும்போது கூட நின்ன எங்க அத்தை மகன் ஒருத்தன்தான் "ஆமா, அன்னைக்கு புளியமரத்துக் கிணத்துலதான் வாளி விட்டாவ"ன்னு ஞாபகம் வச்சு சொன்னான். அவனும் வேலைக்குன்னு வெளியூரு போயிருந்தா அந்த ரிப்போர்ட்டு அனாதைதான்.

மூணாவது ரிப்போர்ட்தான் ஊரையே கலக்கிட்டு போச்சு. அதுல அதே கிணத்துக்கு ஈயம் 24, லிட்டருக்கு மில்லிகிராம்னு இருந்துச்சு. அப்படிப் பாத்தா 0.01ங்கிற அளவுக்கு 2400 மடங்கு. நாலு நாளு ஊர்ல யாரும் அந்தத் தண்ணியை ஆட்டுக்குக்கூட காட்டல. அப்புறம் விசாரிக்க வந்த அதிகாரி இப்படி ஒரு அளவு வரவே வராதுன்னு சொல்லி மொத்த ரிப்போர்ட்டையும் ஓரங்கட்டிட்டாரு, அவரு சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ஆனா எனக்கு பாத்த உடனே பொறி தட்டுச்சு. இது மைக்ரோகிராமா இருக்கணும். மைக்ரோ குறியை அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல சிம்பல்னு ஒரு ஃபான்ட்டுல ஆங்கில எம் எழுத்தை அடிச்சுத்தான் வரவைப்போம். அந்த ஃபைலை வேற ஷீட்டுக்கு காப்பி பண்ணும்போது ஃபான்ட் மாறிச்சுன்னா மைக்ரோ குறி போயி வெறும் எம் எழுத்து நிக்கும், மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆயிரும், ஆயிரம் மடங்கு. நம்ம ஆளுங்களுக்கு இது புரியாம இருக்காது, வானவில் ஃபான்ட்டுல அடிச்ச மனுவை வேற கம்ப்யூட்டர்ல திறந்தா எப்படி கொத்திப் போட்ட மாதிரி தெரியும், அதே கதைதான், ஆனா அங்க தப்புன்னு கண்ணுக்கு தெரிஞ்சிரும், இங்க தெரியாது.

இப்ப மூணையும் சேத்துப் பாருங்க. 24 மைக்ரோகிராம்னா 0.024 மில்லிகிராம். ரெண்டாவது ரிப்போர்ட்ல 0.03. முதல் ரிப்போர்ட்ல 0.05க்கு கீழ. மூணும் ஒண்ணுக்கொண்ணு முரணே இல்ல ஐயா! அந்தக் கிணத்துல ஆரம்பத்துல இருந்தே அனுமதிச்ச அளவுக்கு ரெண்டு மூணு மடங்கு ஈயம் இருந்திருக்கலாம், மூணு ரிப்போர்ட்டும் சேந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு, நமக்குத்தான் அதை வரிசையா வச்சுப் படிக்க வழியில்லாம போச்சு. பிடிஎல்னு நம்பி அந்தத் தண்ணியில கஞ்சி காய்ச்சிக் குடிச்ச பிள்ளைங்க இன்னைக்கு பள்ளிக்கூடம் போயிட்டு இருக்கு. சின்னப் பிள்ளைங்க மூளையை ஈயம் பாதிக்கும், அதுக்கு பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

இதுல யாரும் திருட்டுத்தனம் பண்ணல. மூணு இடத்துலயும் வேலை செஞ்சவங்க அவங்கவங்க வேலையை செஞ்சிருக்காங்க. கணக்கு வைக்கிற முறையிலதான் கோளாறு. மண்ணை அள்ளுறது, தண்ணியை இறைச்சு சுத்திகரிக்கிறது, மேல களிமண் போட்டு மூடுறதுன்னு சுத்தம் பண்ண எத்தனையோ முறை இருக்கு, அதெல்லாம் இன்ஜினியருங்க பாத்துக்குவாங்க, ஆனா எங்க தோண்டணும், எவ்வளவு ஆழம் தோண்டணும், எப்ப நிப்பாட்டணும்னு சொல்றது இந்த நம்பருதான். நம்பர் தப்பா இருந்தா நல்ல மண்ணை அள்ளிட்டு விஷ மண்ணை விட்டுட்டு போயிருவாங்க, செலவும் ஆயிருக்கும், பைலும் மூடிருக்கும்.

ஆழம்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. ஈயம் பெரும்பாலும் மேல் மண்ணுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், அதுவும் கரிசல்ல கேக்கவே வேண்டாம், அதனால எந்த ஆழத்துல எடுத்த மண்ணுங்கிறது ரொம்ப முக்கியம். நான் லேப்ல இருந்தப்ப ஒரு ஷீட்ல ஆழம்ங்கிற கட்டத்துல ஒரே தேதியா இருந்துச்சு, மார்ச் 1, ஜூன் 3ன்னு. முதல்ல யாரோ சாம்பிள் எடுத்த தேதியை மாத்தி போட்டுட்டாங்கன்னு நினைச்சோம். அப்புறம் பாத்தா ஃபீல்டுல இருந்து வந்த பையன் "1-3", "3-6"ன்னு இஞ்சு கணக்குல அடிச்சிருக்கான், எக்செல் அதை தானா தேதியா மாத்திருக்கு. அந்த ஷீட்டை ஒருத்தரும் கவனிக்காம அடுத்த ஆபீசுக்கு அனுப்பியிருந்தா எந்த ஆழம்னு கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. இதுக்கு பெரிய படிப்பு ஒண்ணும் வேண்டாம், மேல் ஆழம் ஒரு கட்டம், கீழ் ஆழம் ஒரு கட்டம்னு பிரிச்சு வச்சாலே போதும்.

நம்ம ஆதிச்சநல்லூரை எடுத்துக்கோங்க. 2004ல அங்க தோண்டுனப்ப ஒவ்வொரு முதுமக்கள் தாழியும் எந்தக் குழியில எத்தனை ஆழத்துல எந்த மண் அடுக்குல கிடைச்சதுன்னு எழுதித்தான வெளிய எடுத்தாங்க. இடமும் ஆழமும் தெரியாத தாழி வெறும் பானைதான், அதை வச்சு காலம் சொல்ல முடியாது. விஷ மண்ணுக்கும் அதே நியாயம்தான். அந்த அகழாய்வு அறிக்கை வெளிய வர எத்தனை வருஷம் ஆச்சு, கோர்ட்டு வரைக்கும் போச்சுங்கிறதும் நம்ம ஊரு ஆளுங்களுக்கு தெரியும். பழைய தாழி காத்துக்கிட்டு கிடக்கும். பிள்ளைங்க வளர்றது காத்துக்கிட்டு நிக்காது.

அடுத்து இடம். இப்ப எல்லார் கையிலயும் செல்போன் இருக்கு, அதுலயே ஜிபிஎஸ் இருக்கு, வெட்டவெளியில அஞ்சாறு மீட்டருக்குள்ள இடத்தை காட்டிரும், அது போதும். ஆனா அதை எழுதுற விதத்துல ஒரு பெரிய ஆபத்து இருக்கு. மானூர்னு வச்சுக்கோங்க, 8 டிகிரி 51 நிமிஷம் வடக்கு, 77 டிகிரி 39 நிமிஷம் கிழக்கு. அதையே தசமத்துல சொன்னா 8.85, 77.65. ஒருத்தர் நிமிஷத்தை அப்படியே புள்ளிக்கு பின்னாடி போட்டு 8.51, 77.39ன்னு அடிச்சா அந்தக் கிணறு மேப்ல தெற்க 38 கிலோமீட்டரும் மேற்க 29 கிலோமீட்டரும் நகந்து களக்காட்டுக்கு மேற்க மலைக்காட்டுக்குள்ள போயி நிக்கும். நான் இப்படி ஒரு புள்ளியை கண்ணால பாத்திருக்கேன், காட்டுக்குள்ள விழுந்ததுனால தப்புன்னு கண்டுபிடிச்சோம். அதே தப்பு கொஞ்சமா நடந்து, பக்கத்து புஞ்சையில விழுந்தா? பாவம், ஒண்ணும் செய்யாத, விவசாயம் பாக்குற ஒரு சம்சாரியோட சர்வே நம்பர் மேல விஷ நிலம்னு முத்திரை விழும், அவரு நிலத்தை விக்கவும் முடியாது, பேங்க்ல அடமானம் வைக்கவும் முடியாது. டேட்டா வெளிய போட்டா நிலத்துக்கு விலை போயிரும், மக்கள் பயந்துருவாங்கன்னு சில பேரு சொல்றாங்க. அந்தக் கவலை எனக்கும் புரியுது, எங்க குடும்பத்துக்கே அந்த ஓடைக்கரையில ஒண்ணேகால் ஏக்கர் இருக்கு. அதனாலதான் சரியா இருக்கணும்னு சொல்றேன், மூடி வச்சா சரியா இருக்கான்னு யாரும் பாக்கவே முடியாதே, அப்ப சந்தேகத்துலயே மொத்த ஊரு நிலமும் விலை போகாம கிடக்கும், இப்ப அதுதான் எங்க ஊர்ல நடக்குது.

நான் கேக்குறது ரொம்ப எளிமையானது. நம்ம ஊர்ல ஒவ்வொரு புலத்துக்கும் சர்வே நம்பர் இருக்கு, விஏஓ வருஷா வருஷம் அடங்கல் எழுதுறாரு, பசலின்னு சொல்ற வருவாய்த்துறை வருஷம் மாறினாலும் சர்வே நம்பர் மாறாது, அதுல என்ன பயிர், எந்தப் பாசனம்னு எங்க தாத்தா காலத்துல இருந்து எழுதி வச்சிருக்காங்க. இப்ப பட்டா சிட்டா எல்லாம் ஆன்லைன்லயே வீட்ல இருந்து எடுத்துக்கலாம். அதே மாதிரி சந்தேகத்துல இருக்குற இடத்தைச் சுத்தி உள்ள ஒவ்வொரு கிணத்துக்கும் போர்வெல்லுக்கும் மண்ணு எடுக்குற புள்ளிக்கும் மாறாத ஒரு நம்பர் போடுங்க. எந்த லேப் வந்தாலும் எந்தத் துறை வந்தாலும் அந்த நம்பரைத்தான் எழுதணும். கூடவே தேதி, ஆழம், அளவு, எந்த அலகு, மெஷினோட வரம்பு எவ்வளவு, யாரு எடுத்தா, எப்படி எடுத்தா, இவ்வளவும் தனித்தனி கட்டத்துல. பிடிஎல்னு மட்டும் எழுதினா ஏத்துக்கவே கூடாது, "0.05க்கு கீழ"ன்னு நம்பரோட எழுதணும், சட்டம் சொல்ற அளவுக்கு கீழ பாக்கத் தெரியாத மெஷின்ல செஞ்ச டெஸ்ட்டை திரும்ப செய்யச் சொல்லணும். இந்தப் பசலியிலயே விஷத்துக்கும் ஒரு அடங்கல் ஆரம்பிக்கலாம்.

இன்னொண்ணு, ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி பிடிஎஃப்பா போடுறதை தயவுசெஞ்சு நிப்பாட்டணும். ஆர்டிஐ போட்டு வாங்கினா கோணல்மாணலா ஸ்கேன் பண்ணின 140 பக்கம் வருது, சீல் விழுந்த எடத்துல நம்பரே தெரியாது. அதை திரும்ப ஒருத்தர் உக்காந்து அடிக்கணும், அடிக்கும்போது புதுசா தப்பு வரும். லேப்ல எல்லாமே முதல்ல டேபிளாத்தான் இருக்கு, நான் ஒம்பது வருஷம் அதைத்தான் பண்ணினேன், அந்த டேபிளையே குடுங்கன்னுதான் கேக்குறோம்.

வெளிநாட்டுல இதை எப்பவோ கத்துக்கிட்டாங்க, அதுவும் பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க. அமெரிக்காவுல லவ் கேனால்னு ஒரு இடம், ரசாயனக் கழிவைப் புதைச்ச கால்வாய் மேல பள்ளிக்கூடமும் அதைச் சுத்தி வீடுகளும் கட்டி 1978ல பெரிய பிரச்சினை ஆயி, அதுக்கப்புறம்தான் 1980ல சூப்பர்ஃபண்ட்னு சட்டம் வந்துச்சு. அங்க சுற்றுச்சூழல் துறைக்கு ஃபீல்டு டேட்டாவை ஏத்துறதுக்குன்னே ஸ்கிரைப்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, பாட்டில்ல ஒட்டுற லேபிளும், பாட்டில் யார் கையில இருந்து யார் கைக்கு போச்சுங்கிற சீட்டும் அதுலயே வந்துரும். லேப் ரிசல்ட்டை குறிப்பிட்ட ஒரே வடிவத்துலதான் அனுப்பணும், கட்டம் மாறி இருந்தாலோ அலகு விட்டுப்போயிருந்தாலோ கம்ப்யூட்டரே திருப்பி அனுப்பிரும். லேபிள்னா சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. நான் சாம்பிள் எடுத்த காலத்துல மார்க்கர்ல எழுதி ஐஸ் பெட்டியில வச்ச ஆறு பாட்டில்ல ரெண்டுக்கு எழுத்து கரைஞ்சு போச்சு, எது குளம் எது கிணறுன்னு தெரியாம ரெண்டையும் கீழ ஊத்திட்டு 40 கிலோமீட்டர் திரும்பப் போயி எடுத்தோம். ஈயம் பாக்குற தண்ணிக்கு எடுத்த உடனே நைட்ரிக் ஆசிட் விடணும், இல்லைன்னா ஈயம் பாட்டில் சுவத்துல ஒட்டிக்கிட்டு ரிசல்ட் குறைவாக் காட்டும். ஆசிட் விட்டாச்சாங்கிற ஒரு கட்டம் படிவத்துல இருந்தாத்தான் ஃபீல்டுல இருக்குற ஆளுக்கு ஞாபகம் வரும். இன்னைக்கு கோபோ மாதிரி இலவச ஆப்லயே இந்தப் படிவம் எல்லாம் செஞ்சுக்கலாம், சிக்னல் இல்லாத இடத்துலயும் வேலை செய்யும், போட்டோவும் இடமும் அதுலயே ஏத்திக்கலாம், டவர் கிடைக்கும்போது அனுப்பிக்கலாம்.

ஆனா ஆப்பும் மேப்பும் வந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு நான் சொல்ல மாட்டேன். கியூஜிஐஎஸ்னு இலவச மேப் சாஃப்ட்வேர் இருக்கு, ரொம்ப நல்ல சாமான், நானே கத்துக்கிட்டேன். அதுல நாலு கிணத்தோட அளவைக் குடுத்தாலே சிவப்பு மஞ்சள் பச்சைன்னு மொத்த ஊருக்கும் கலர் அடிச்சு குடுத்துரும். பாக்க அழகா இருக்கும், கலெக்டர் ஆபீஸ் மீட்டிங்ல போட்டுக் காட்டினா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. ஆனா நம்ம பக்கம் அடியில கடும்பாறை, தண்ணி பாறை வெடிப்பு வழியாத்தான் ஓடும், ஒரு கிணத்துல உப்பும் அம்பதடி தள்ளி இன்னொரு கிணத்துல நல்ல தண்ணியும் இருக்குறது நம்ம சம்சாரிங்களுக்கு தெரியாததா? நாலு புள்ளிக்கு நடுவுல அடிச்ச கலரு கம்ப்யூட்டரோட யூகம். எத்தனை புள்ளியில எடுத்த மேப்புன்னு அந்த மேப்புலயே புள்ளி வச்சுக் காட்டணும், இல்லைன்னா அதை வச்சு ஒரு சட்டி மண்ணுகூட அள்ளக்கூடாது.

அதே மாதிரி கையடக்க எக்ஸ்ஆர்எஃப்னு ஒரு கருவி, துப்பாக்கி மாதிரி இருக்கும், மண்ணுல வச்சு அழுத்தினா ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஈயம் எவ்வளவுன்னு சொல்லிரும். ஒரே நாள்ல நூறு எடத்துல பாத்துரலாம், எங்க அதிகம் எங்க கம்மின்னு வரம்பு கட்ட அதைவிட நல்லது இல்ல. ஆனா மண்ணு ஈரமா இருந்தா அளவு குறைச்சுக் காட்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில ஓடைக்கரையில வந்து அளந்துட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிட்டு போயிரக் கூடாது, ஈரம் எவ்வளவுன்னு பக்கத்துல எழுதணும், பத்து புள்ளிக்கு ஒண்ணாவது லேப்ல குடுத்து சரிபாக்கணும்.

நம்ம மாநிலத்துலயே பாடம் இல்லாம இல்ல. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001ல மூடினாங்க, பாதரசம் கலந்த கழிவு 290 டன் 2003ல கப்பல்ல அமெரிக்காவுக்கு போச்சு, ஆனா ஃபேக்டரி இருந்த மண்ணைச் சுத்தம் பண்றது அதோட முடியல. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் விட்டுரலாமா, அதை இன்னும் குறைக்கணுமாங்கிற ஒரு நம்பரை வச்சே வருஷக்கணக்கா வாதம் நடந்துச்சு. ராணிப்பேட்டையில ஒரு குரோமியம் ஃபேக்டரி மூடின பிறகும் லட்சக்கணக்கான டன் கழிவு அங்கயே கிடந்து நிலத்தடி தண்ணியை மஞ்சளாக்குச்சு. போபால்ல 1984ல விஷவாயு கசிஞ்ச ஃபேக்டரியில மிச்சம் கிடந்த 337 டன் கழிவை 2025லதான் பீதம்பூர் கொண்டுபோயி எரிச்சு முடிச்சாங்க, 40 வருஷம்! நாடு முழுக்க 103 இடம் மாசுபட்டதுன்னு கண்டுபிடிச்சதுல 7 இடத்துலதான் சுத்தம் பண்ற வேலையே ஆரம்பிச்சிருக்குன்னு புது விதி வந்த சமயத்துல செய்தி வந்துச்சு.

அந்தப் புது விதிப்படி மாவட்ட நிர்வாகம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா சந்தேகமான இடங்களைப் பத்தி அறிக்கை குடுக்கணும், அது வந்து 90 நாளுக்குள்ள முதல் கட்ட ஆய்வு, அடுத்த மூணு மாசத்துல விரிவான ஆய்வு, 189 வகை ரசாயனத்துல எது அளவுக்கு மேல இருக்குன்னு பாத்து, இருந்தா அந்த இடத்தை வெளிப்படையா அறிவிக்கணும், மாசு பண்ணினவங்களே செலவை ஏத்துக்கணும். மாசு பண்ணினவனே பணம் கட்டணும்ங்கிறது 1996லயே வேலூர் தோல் தொழிற்சாலை வழக்குல சுப்ரீம் கோர்ட்டு சொன்னதுதான். ஊரு குப்பைக் கிடங்கு, சுரங்கம் எல்லாம் பொதுவா இந்த விதிக்குள்ள வராது, அதுக்கு வேற விதி. எங்க ஓடைக்கரை மாதிரி இடம் கண்டிப்பா வரும். ஆனா யோசிச்சுப் பாருங்க, 90 நாள்ல ஆய்வு பண்ண வர்றவங்க கையில எங்க ஊரு மூணு ரிப்போர்ட்டைக் குடுத்தா அவங்க என்ன முடிவுக்கு வருவாங்க? ஒண்ணுல பிடிஎல், ஒண்ணுல தெரியாத கிணறு, ஒண்ணுல நம்ப முடியாத நம்பர். "போதிய ஆதாரம் இல்லை"ன்னு எழுதிட்டு போயிருவாங்க. பணம் கட்ட வேண்டியவங்களோட வக்கீலு கோர்ட்டுல முதல்ல கேக்குறதும் இந்த சாம்பிள் எங்க எடுத்தது, யார் எடுத்ததுன்னுதான்.

2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளாவுல இருந்து ஆஸ்பத்திரி கழிவைக் கொண்டாந்து கொட்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அன்னைக்கு அது எங்க இருந்து வந்துச்சுன்னு காட்டிக்குடுத்தது குப்பையில கிடந்த ஆஸ்பத்திரி பேப்பரும், நம்ம ஜனங்க செல்போன்ல எடுத்த போட்டோவும்தான். பசுமைத் தீர்ப்பாயம் மூணு நாள் கெடு குடுத்துச்சு, லாரி வந்து அள்ளிட்டு போனாங்க. ஆதாரம் கையில இருந்ததுனால அவ்வளவு வெரசா நடந்துச்சு. அங்க அள்ளின பிறகு மண்ணையும் பக்கத்து கிணத்தையும் டெஸ்ட் பண்ணின ரிசல்ட் இருந்தா, புள்ளி புள்ளியா உங்க பேப்பர்லயே போடுங்கன்னு கேட்டுக்கிறேன், அந்த ஊரு ஆளுங்களுக்கு அது தெரியணும்.

நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். தாமிரபரணி பாசனக் குளங்கள்ல 2011ல இருந்து வருஷா வருஷம் தை மாசத்தை ஒட்டி நீர்ப்பறவை கணக்கெடுக்குறாங்க, காலேஜ் பிள்ளைங்க, வாத்தியார்மாருங்க, விவசாயிங்கன்னு கூட்டமா போயி, குளத்துப் பேரு மாறாம, படிவம் மாறாம எழுதுறாங்க. அதனாலதான் எந்தக் குளத்துல பறவை கூடியிருக்கு, எதுல குறைஞ்சிருக்குன்னு இன்னைக்கு பேச முடியுது. ஆழ்வார்குறிச்சியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோட சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கு, படிச்ச பிள்ளைங்க இருக்கு. பறவைக்கு முடியும்னா கிணத்துக்கும் முடியும்.

நாங்க காத்துக்கிட்டு உக்காரல. போன மாசம் பெரியப்பாவும் அத்தை மகனும் நானும் ஓடைக்கரையைச் சுத்தி நடந்து பதினோரு கிணறு, நாலு போரு, எல்லாத்துக்கும் வரிசையா நம்பர் போட்டோம். புளியமரத்துக் கிணத்துக்கு 4. தொட்டிச் சுவத்துல வெள்ளை பெயிண்ட்ல பெருசா எழுதியிருக்கு, எதுல எவ்வளவு ஆழம், எந்த சர்வே நம்பர்ல வருதுன்னு ஒரு நோட்டுலயும் கம்ப்யூட்டர்லயும் ஏத்தியாச்சு. பழைய மூணு ரிப்போர்ட்டையும் அந்த நம்பருக்கு நேரா சேத்து, எது உறுதியா தெரியும் எது யூகம்னு பிரிச்சு எழுதி வச்சிருக்கோம். சரியான மெஷின் உள்ள லேப்ல குடுத்துப் பாக்குறதுக்கு ஊர்ல வீட்டுக்கு நூறு ரூபா வசூல் பண்ணிட்டு இருக்கோம். நாலாம் நம்பர் கிணத்துல இப்ப யாரும் குடிக்கத் தண்ணி எடுக்குறதில்ல.

மாவட்ட நிர்வாகம் அடுத்த அறிக்கை தயார் பண்ணும்போது எங்க நோட்டை ஒருதடவை வாங்கிப் பாக்கணும், அதே நம்பரை அரசாங்க நம்பரா ஏத்துக்கணும், சாம்பிள் எடுக்க வரும்போது முன்கூட்டியே ஊருக்கு சொல்லணும். எந்த நாள்னு சொன்னா போதும், வாளியும் கயிறும் நாங்க கொண்டாறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மானூர் வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.